முதல் வெட்சூட்: இன்றைய உடம்புக்கு அளவெடுங்கள்



சில மாதங்களாகவே தமிழ்ப் பள்ளி வாசலிலும் மளிகைக் கடையிலும் என்னைக் காணும் பெற்றோர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "எங்கள் பிள்ளை அலைச்சறுக்கு பழகுகிறது. கோடையில் மட்டும் போதாதாம், வருடம் முழுக்கப் போக வேண்டுமாம். அதற்கு வெட்சூட் என்று ஒரு ரப்பர் உடுப்பு வேண்டும் என்கிறது. எதை வாங்குவது?" என்பதுதான் அந்தக் கேள்வி. நான் கடலறிந்தவன் அல்லன். நீச்சலே நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றேன். ஆனால் இந்த உடுப்பைத் தப்பாக வாங்கி, அதனால் என் மகளை ஒரு நாள் இழந்துவிடுவேனோ என்று பயந்து நின்றவன். அந்த அனுபவத்தையும், அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் அறிந்ததையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் கடலை விட்டு ரங்கூனுக்கு வாருங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ரங்கூன் மிங்கலா தாங்ஞுன்ட்டில். ஒரு பக்கம் ஆங் சான் விளையாட்டரங்கம், இன்னொரு பக்கம் கண்டோஜி ஏரி. பெரியவர்கள் அதை ராயல் லேக் என்றுதான் சொல்வார்கள். ஏரி அவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. தண்ணீர்ப் பக்கம் போனால் அடிதான். அப்பாவும் பெரியப்பாவும் தையற்காரர்கள். வீட்டின் முன்னறையில் இரண்டு கால்மிதி மெஷின்கள், ஒரு வெட்டு மேசை, சுவரில் தொங்கும் அளவு நாடா. 1970-களின் கடைசியிலும் 80-களிலும் துணி கிடைப்பதே அரிது. கூட்டுறவுக் கடையில் அளந்துதான் கொடுப்பார்கள். ஆகவே பிள்ளைகளுக்குத் தைக்கும்போது இரண்டு வருடத்துக்குச் சேர்த்தே தைப்பார்கள். கால்சட்டை மடிப்பில் மூன்று விரல் துணி விட்டிருக்கும். தோள் முழங்கைக்கு இறங்கும். கேட்டால் ஒரே பதில்தான்: "வளர்ந்தால் போட்டுக்கொள்ளலாம்."

1988-க்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறி, தாய்லாந்தில் காத்திருந்து, பிறகு ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தோம். இந்த உரையைக் கேட்பவர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வேறு வழிகளில் வந்தவர்கள். வழி வேறாக இருந்தாலும் பழக்கம் ஒன்றுதான். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினால் ஒரு எண் பெரிது. பள்ளிச் சீருடை வாங்கினால் இரண்டு எண் பெரிது. நாளை என்ன வருமோ என்று வாழ்ந்தவர்களுக்கு அது கருமித்தனம் இல்லை, முன்யோசனை. அதில் தவறும் இல்லை, ஓர் உடுப்பைத் தவிர.

இப்போது நாங்கள் விக்டோரியா மாநிலத்தில் ஜீலோங்கில் இருக்கிறோம். இருபது நிமிடம் கார் ஓட்டினால் டோர்க்கே கடற்கரை. அலைச்சறுக்குக்கு உலகப் பெயர் பெற்ற இடம் அது. மகள் பன்னிரண்டு வயதில் பள்ளியிலிருந்து போய் அலைச்சறுக்கு பழகினாள். பதினான்கு வயதில் குளிர்காலத்திலும் போக வேண்டும் என்றாள். குளிர்காலத்தில்தான் நல்ல அலை வருமாம். அவளிடம் இருந்தது கோடைக்கான குட்டைக் கை, குட்டைக் கால் உடுப்பு. நான் இணையத்தில் தேடி, யாரோ ஒருவர் பயன்படுத்திய முழு வெட்சூட்டை மலிவாக வாங்கினேன். அவளுக்குச் சரியான அளவும் இருந்தது, ஓர் அளவு பெரியதும் இருந்தது. என்ன செய்திருப்பேன் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெரியதை எடுத்தேன்.

2018 ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வானம் வெளித்திருந்தது, தெற்கிலிருந்து காற்று. அவள் தோழி ஒருத்தியோடு கடலில் இறங்கினாள். நான் கரையில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தோழி வந்துவிட்டாள். இவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பலகையைப் பிடிக்க முயல்கிறாள், கை நழுவுகிறது. மறுபடி பிடிக்கிறாள், மறுபடி நழுவுகிறது. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கரையேறி வந்தவள் உதடு நீலமாக இருந்தது. "அப்பா" என்றாள், அந்தச் சொல்லே குழறியது. விரல்களை மடக்க முடியவில்லை. பலகையைக் காலோடு கட்டியிருக்கும் பட்டையைக்கூட அவளால் கழற்ற முடியவில்லை.

நான் செய்வதறியாமல் அவள் கைகளைப் பிடித்துத் தேய்க்கத் தொடங்கினேன். அங்கே இருந்த வேறொரு பிள்ளையின் தாயார் ஓடிவந்து என்னைத் தடுத்தார். காற்றுப் படாத பக்கம் காரின் மறைவில் அவளை உட்கார வைத்து, ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்த துண்டால் ஒற்றி, தன் கோட்டையும் கம்பளித் தொப்பியையும் போட்டுவிட்டார். சூடான இனிப்புத் தேநீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தார். அந்த உடுப்பைக் கழற்றியபோது உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது. அது உடுப்பாக இருக்கவில்லை, குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய பையாக இருந்தது. அந்தப் பையைத்தான் என் பிள்ளை முக்கால் மணி நேரம் சுமந்திருக்கிறாள்.

அரை மணி நேரத்தில் நடுக்கம் நின்று அவள் தேறினாள். வீட்டில் என் மனைவி கேட்டுவிட்டுச் சொன்னது ஒரே வார்த்தை: "போதும்." கடல் அத்தோடு நின்றது. மகள் இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்த ஜனவரியில் குடும்பத்தோடு ரங்கூன் போனோம். பெரியப்பா அதே தெருவில், மிங்கலா சந்தைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தார். மெஷினை விட்டு ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. மகள் எங்களுக்குத் தெரியாமல் அந்த வெட்சூட்டையும் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்திருக்கிறாள். மேற்குக் கரையில் ங்வே சாங் கடற்கரையில் அலை வரும் என்று எங்கோ படித்தாளாம். நான்கு நாள் அங்கே போனோம். ஜனவரியில் அங்கே கடல் பெரும்பாலும் அமைதி. பருவமழைக் காலத்தில்தான் வங்காள விரிகுடாவிலிருந்து அலை எழும். இருந்த சின்ன அலையில் இறங்க, உடுப்பைப் போட்டுக்கொண்டு மணலில் நடந்தாள். கால் மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை சுற்றுகிறது என்று கழற்றிவிட்டாள். கையளவு டீ-சட்டையோடு மாலை வரை தண்ணீரில் கிடந்தாள்.

திரும்பி வந்து அதை பெரியப்பா வீட்டு வராந்தாவில் காயப்போட்டிருந்தாள். பெரியப்பா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்துபோய் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன உடுப்பு?"

சொன்னேன்.

"யாருக்குத் தைச்சது?"

"நம்ம பாப்பாவுக்குத்தான் பெரியப்பா. கடையில தைச்சு வர்றது."

"பாப்பாவுக்கா? இதுக்குள்ள இன்னொரு பிள்ளை போகும் போல இருக்கே. எங்கம்மா, போட்டுட்டு வா பாப்போம்."

அவள் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பெரியப்பா அவளைத் திருப்பி நிறுத்தி, இடுப்புக்கு மேலே முதுகு குழிந்திருக்கும் இடத்தில் இரண்டு விரலால் பிடித்தார். ஒரு கைப்பிடி ரப்பர் வந்தது. கையைத் தூக்கச் சொன்னார். அக்குளில் மடிப்பு விழுந்தது. குந்தி எழச் சொன்னார். கவட்டுப் பகுதி நான்கு விரல் கீழே தொங்கியது. கழுத்துப் பட்டிக்குள் அவர் கையே போய் வந்தது.

"சட்டை தொளதொளன்னு இருந்தா காத்து வரும், நல்லதுதான். இதுல தண்ணியில்ல வரும்? முதுகுல ஒரு தொட்டியே கட்டி வச்சிருக்கே."

பிறகு உடுப்பைக் கழற்றச் சொல்லி உள்பக்கம் திருப்பினார். தையலைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "நூல் உள்ளயும் தெரியுது, வெளியவும் தெரியுது. ஊசி போன ஓட்டை எல்லாம் தண்ணி போற வழி. மழைக்கோட்டு தைக்கிறவன் ஓட்டைக்கு மேல பட்டி ஒட்டுவான். இதுல பட்டியும் இல்ல."

"கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுக் கொடுங்களேன் தாத்தா" என்றாள் மகள்.

"என் மெஷின்ல ஓட்டினா இன்னும் நூறு ஓட்டை விழும் அம்மா. சட்டைன்னா பிடிச்சுத் தைக்கலாம். இது சட்டை இல்ல, ரெண்டாவது தோலு. தோலை யாராவது பெருசா வாங்குவாங்களா?" என்று என் பக்கம் திரும்பினார். "நாங்க உனக்குப் பெருசா தைச்சது துணி இல்லாத காலம். இப்ப அங்க துணிக்கா பஞ்சம்?"

அன்று நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அவர் சொன்னதுதான், பிறகு நான் படித்த எல்லாவற்றின் சாரமும். இனி அதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வெட்சூட் எப்படிச் சூடு தருகிறது? அது உடம்பை நனையாமல் காப்பதில்லை. பெயரிலேயே ஈரம் இருக்கிறது. அது நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரால் ஆனது. 1930-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் உருவானது. அதை நுரையாக்கும்போது கோடிக்கணக்கான சின்னச் சின்ன வாயுக் குமிழிகள் உள்ளே அடைபட்டு நிற்கும். அந்தக் குமிழிகள்தான் கம்பளி போல நம் சூட்டை வெளியே விடாமல் தடுக்கின்றன. 1950-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் இந்த வழியைக் கண்டார். உடம்பு நனைந்தால் பரவாயில்லை, சூடு வெளியேறாமல் இருந்தால் போதும் என்பது அவர் எண்ணம். ஜாக் ஓ'நீல் போன்றவர்கள் அதை அலைச்சறுக்குக்காரர்களிடம் கொண்டுசென்றார்கள். 1969-ல் டோர்க்கேயில் தொடங்கிய ரிப் கர்ல் நிறுவனமும் விரைவிலேயே வெட்சூட் தைக்க ஆரம்பித்தது.

தோலுக்கும் ரப்பருக்கும் நடுவே மெல்லிய ஒரு படலம் தண்ணீர் புகும். உடம்பு அதைச் சூடாக்கிவிடும். அது அங்கேயே நின்றால் கேடில்லை. உடுப்பு பெரிதாக இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் சூடான தண்ணீர் வெளியே போய்க் குளிர்ந்த தண்ணீர் உள்ளே வரும். உடம்பு மறுபடி மறுபடி அதைச் சூடாக்கியே களைத்துப்போகும். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். என் மகளுக்கு நடந்தது இதுதான்.

அடுத்தது தடிப்பு. கடையில் 3/2, 4/3, 5/4 என்று எழுதியிருப்பார்கள். அது மில்லிமீட்டர் கணக்கு. முதல் எண் நெஞ்சுக்கும் முதுகுக்கும், இரண்டாவது கைக்கும் காலுக்கும். உடல் சூடாக இருக்க வேண்டும், கை இலகுவாக அசைய வேண்டும் என்பதற்காக இந்த வித்தியாசம். எதைத் தேர்வது என்பதற்கு நாட்டையும் பார்க்க வேண்டாம், நாட்காட்டியையும் பார்க்க வேண்டாம். கடல் நீரின் வெப்பத்தைப் பாருங்கள்.

நீர் 24 டிகிரிக்கு மேல் இருந்தால் வெட்சூட் வேண்டாம். வெயிலுக்கும் பலகை உராய்வுக்கும் மெல்லிய ராஷ் சட்டை போதும். 20 முதல் 23 வரை குட்டை உடுப்பு அல்லது 2 மில்லிமீட்டர் மேற்சட்டை. 17 முதல் 20 வரை 3/2 முழு உடுப்பு. 13 முதல் 17 வரை 4/3. அதற்கும் கீழே போனால் 5/4, அதோடு காலுக்கு ரப்பர் பூட்ஸ், கைக்கு உறை, தலைக்கு மூடி. இது பொதுக் கணக்கு. ஒல்லியான பிள்ளைகளுக்கும் காற்று அதிகமான கடற்கரைக்கும் ஒரு படி தடித்ததாக எடுங்கள். சிறு பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் குளிர்வார்கள்.

டோர்க்கே பக்கம் கோடைக் கடைசியில் நீர் ஏறத்தாழ 19, 20 டிகிரி இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் 13, 14-க்கு இறங்கும். காற்றில் குளிர் குறைந்த பிறகும் கடல் சில வாரம் குளிராகவே இருக்கும், ஏமாறாதீர்கள். ஆகவே இங்கே வருடம் முழுக்கப் போகும் பிள்ளைக்கு ஒரே ஓர் உடுப்புத்தான் வாங்க முடியும் என்றால் அது 4/3. கோடையில் சற்றுப் புழுங்கும், அவ்வளவுதான். நான் வாங்கியதோ 3/2, அதுவும் தொளதொளத்தது.

வெளிநாட்டு உறவினர்களுக்கும் இந்தச் செய்தி மடலை அனுப்புகிறீர்கள் என்று அறிகிறேன். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் மார்ச் மாதம் நீர் 10 டிகிரிக்கு அருகில் இருக்கும். அங்கே 5/4-ம் பூட்ஸும் வேண்டும். கனடாவின் டோஃபீனோவில் கோடையிலும் 4/3 போடுவார்கள். நார்வேயின் லோஃபோட்டனில் குளிர்காலத்துக்கு 6 மில்லிமீட்டரும் தலைமூடியும் இல்லாமல் இறங்கக் கூடாது. மறுபுறம் நம் ஊர்க் கடல்களைப் பாருங்கள். மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. கோவளத்தில் மீனவப் பிள்ளைகள் வருடம் முழுக்க அலையேறுகிறார்கள். இலங்கையின் அறுகம்பேயிலும் அலையேறுகிறார்கள். வருடம் முழுக்க வெதுவெதுப்பான அந்தத் தண்ணீரில் தடித்த வெட்சூட் போட்டால் மயக்கம்தான் வரும், ங்வே சாங்கில் என் மகளுக்கு வந்ததைப் போல. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ராஷ் சட்டையை மட்டும் எடுத்துப் போங்கள். ஊரிலுள்ள பிள்ளைக்குப் பரிசு என்று பழைய 4/3-ஐ அனுப்பாதீர்கள்.

மூன்றாவது அளவு. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். உயரம், நெஞ்சு, இடுப்பு, எடை ஆகிய நான்கையும் அளந்து நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒரு நிறுவனத்தின் 12 இன்னொரு நிறுவனத்தின் 12 ஆகாது. முடிந்தால் கடையில் போட்டுப் பாருங்கள். போடுவது சிரமமாக இருக்கும். பத்து நிமிடம் ஆனாலும் தப்பில்லை. காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். நகத்தால் பிடித்து இழுக்கக் கூடாது, ரப்பர் கிழியும். விரல் நுனிச் சதையால் சிறிது சிறிதாக ஏற்றுங்கள்.

போட்ட பிறகு பெரியப்பா செய்த பரிசோதனையைச் செய்யுங்கள். முதுகுக் குழியில், அக்குளில், கவட்டில், முழங்காலின் பின்னால் மடிப்போ காற்றுப் பையோ இருக்கக் கூடாது. கழுத்து ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் எச்சில் விழுங்கவும் பேசவும் தடை இருக்கக் கூடாது. மணிக்கட்டும் கணுக்காலும் இறுகி நிற்க வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, பலகையில் துடுப்புப் போடுவது போலச் சுழற்றச் சொல்லுங்கள். தோள் இழுத்துப் பிடித்தால் சிறிது. குந்தி எழச் சொல்லுங்கள். ஆழ்ந்து மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். நெஞ்சு விரியாவிட்டால் அதுவும் சிறிது. உலர்ந்திருக்கும்போது சற்று இறுக்கமாக இருப்பதுதான் சரி. தண்ணீரில் கொஞ்சம் இளகும்.

நான்காவது தையல். மூன்று வகை காண்பீர்கள். இரண்டு பக்கமும் நூல் தெரியும் தட்டைத் தையல் வெதுவெதுப்பான தண்ணீருக்கு மட்டும். குளிர் நீருக்கு, ரப்பரின் ஓரங்களை முதலில் பசையால் ஒட்டி, ஊசி மறுபக்கம் வராமல் பாதி ஆழத்துக்கு மட்டும் தைத்த மறைதையல் வேண்டும். உள்பக்கம் நூல் தெரிகிறதா என்று திருப்பிப் பார்த்தால் போதும். அதன் மேல் பட்டி ஒட்டியோ திரவ ரப்பர் பூசியோ இருந்தால் இன்னும் நல்லது, விலையும் கூடும். கழுத்து, தோள், கவட்டு ஆகிய இடங்களில் மட்டும் பட்டி ஒட்டியிருந்தாலும் முதல் உடுப்புக்குப் போதும்.

ஐந்தாவது ஜிப். முதுகு ஜிப் உள்ளவை போடவும் கழற்றவும் எளிது, விலையும் குறைவு. ஆனால் அதன் வழியே முதுகில் தண்ணீர் இறங்கும். நெஞ்சுக்கு மேலே குறுக்கே ஜிப் உள்ளவற்றில் தண்ணீர் குறைவாகப் புகும். கற்றுக்கொள்ளும் சிறு பிள்ளைக்கு முதுகு ஜிப்பே போதும். குளிர்காலம் முழுக்கப் போகும் பிள்ளைக்கு நெஞ்சு ஜிப் நல்லது.

சில பிள்ளைகளுக்கு நியோப்ரீனில் சேரும் இரசாயனங்களால் தோல் சிவந்து அரிக்கும். அப்படி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நியோப்ரீனுக்குப் பதிலாக இயற்கை ரப்பரால் செய்த உடுப்புகளும் இப்போது கிடைக்கின்றன.

பணத்தைப் பற்றிப் பேசாமல் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். வளரும் பிள்ளைக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஓர் உடுப்பு வராது. ஆகவே பழையது வாங்குவதில் குறைவில்லை, நான் செய்த பிழை பழையது வாங்கியது அல்ல. அளவு பார்க்காமல் வாங்கியதுதான். பழையதை வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊசித் துளைகள் தெரிகின்றனவா பாருங்கள். இரண்டு கையாலும் இழுத்து விடுங்கள். உடனே சுருங்கினால் உயிர் இருக்கிறது. விறைப்பாகவோ வெடிப்பு விட்டோ இருந்தால் வேண்டாம். தோளும் முழங்காலும் மெலிந்திருக்கின்றனவா என்று விரலால் அமுக்கிப் பாருங்கள். பிள்ளைக்குச் சிறிதானதும் அடுத்த குடும்பத்துக்குக் கொடுங்கள். நம் குடும்பங்களுக்குள் இப்போது நான்கு உடுப்புகள் இப்படிச் சுற்றிவருகின்றன. பெரிதாக வாங்கி மிச்சம் பிடிப்பதைவிட, சரியாக வாங்கிக் கைமாற்றினால் அதிக மிச்சம்.

காப்பாற்றி வைப்பதும் முக்கியம். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் உள்ளும் வெளியும் அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், சலவை மெஷின் வேண்டாம். உள்பக்கம் திருப்பி நிழலில், இடுப்போடு மடித்துத் தடித்த கம்பின் மேல் போடுங்கள். மெல்லிய கம்பி மாட்டியில் தொங்கவிட்டால் தோள் நீண்டுவிடும். வெயிலிலோ கார் டிக்கியிலோ கிடந்தால் ரப்பர் கெட்டுப்போகும். சின்னக் கிழிசலை அதற்கென்று விற்கும் நியோப்ரீன் பசையால் ஒட்டலாம். சிறிதாக இருக்கும்போதே ஒட்டுங்கள்.

கடைசியாக, உடுப்பு சரியாக இருந்தாலும் கடல் கடல்தான். வெட்சூட் சற்று மிதக்கும், ஆனால் அது உயிர்காப்பு அங்கி அல்ல. குளிர் நீரில் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு திணறும். அப்போது பதறாமல் மூச்சு சீராகும் வரை நிற்கச் சொல்லிக்கொடுங்கள். விக்டோரியாவில் சிவப்பு மஞ்சள் கொடி நட்டுக் காவல் இருப்பது கோடைப் பருவத்தில்தான். குளிர்காலத்தில் பெரும்பாலான கரைகளில் காவல் இல்லை. தனியே இறங்க விடாதீர்கள். உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் அதை எதிர்த்து நீந்தாமல், பலகையை விடாமல் பிடித்து, கையைத் தூக்கி உதவி கேட்கக் கற்றுக்கொடுங்கள். நடுக்கம் தொடங்கினால் அதுதான் வெளியே வரும் நேரம். விரல் மடங்காமல் போகும் வரை காத்திருக்கக் கூடாது. வெளியே வந்ததும் காற்று மறைவு, உலர்ந்த உடுப்பு, தொப்பி, இனிப்பான சூடான பானம். கை காலைத் தேய்க்க வேண்டாம். பேச்சு குழறினாலோ தூக்கம் சொக்கினாலோ தாமதிக்காமல் அவசர எண்ணை அழையுங்கள். இங்கே 000, இங்கிலாந்தில் 999, கனடாவில் 911, நார்வேயில் 113.

ரங்கூனிலிருந்து திரும்பிய பிறகு என் மனைவி மூன்று நிபந்தனை போட்டார். சரியான உடுப்பு, துணைக்கு ஆள், கரையில் நிற்கும் அப்பாவுக்கு நீச்சல். முதல் இரண்டும் ஒரு மாதத்தில் முடிந்தன. மூன்றாவதற்கு எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. நாற்பத்தாறு வயதில், நகரசபை நீச்சல் குளத்தில், பாட்டிமார்களோடு வரிசையில் நின்று கற்றேன். கண்டோஜிக் கரையில் அடி வாங்கிய பையன் தண்ணீரில் மிதக்க முப்பது வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது.

பெரியப்பா 2021-ல் காலமானார். போக முடியவில்லை. அவருடைய அளவு நாடா எனக்கு வந்து சேர்ந்தது. மகள் இப்போது வார இறுதிகளில் நம் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கிறாள். புதிதாக ஒரு பிள்ளை வந்தால் முதலில் அந்த நாடாவை எடுத்து அளக்கிறாள். பெற்றோர் "ஒரு அளவு பெரிதாக..." என்று தொடங்கினால் சிரித்துக்கொண்டே என்னைக் கை காட்டுகிறாள்.

போன வருடம் எனக்கும் ஒரு வெட்சூட் வாங்கப் போனோம். வயிறு குறைந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று ஓர் அளவு சிறிதாக எடுத்தேன். மகள் அதைக் கையிலிருந்து வாங்கி மறுபடி கொக்கியில் மாட்டினாள். "இன்றைக்கு இருக்கிற அப்பாவுக்கு வாங்குவோம்" என்றாள்.

 பிள்ளைக்கு அளவெடுப்பதில் ஐயம் இருந்தால் ஞாயிறு காலை டோர்க்கே கரைக்கு வாருங்கள். நானும் நாடாவும் அங்கே இருப்போம்.